மைத்துனன் கை வைத்த ஜீப்

“அண்ணை, நீங்கள் இப்ப தனியவோ இருக்கிறியள்?”

சென்ற சனிக்கிழமை காலை. தொலைபேசியில் யோகராசாவின் குரல். குரல் என்று சொல்ல முடியாது... வெறும் மூச்சு.

இந்தக் கேள்வியோடு ஆரம்பிக்கும் எந்த உரையாடலும் நல்ல இடத்தில் முடிந்ததில்லை. கேட்பவர் யாரையோ பற்றிச் சொல்லப் போகிறார். இல்லையென்றால் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்கப் போகிறார். வாரம் ஒரு பத்தி எழுதுகிறவனிடம் வந்து ரகசியம் சொல்கிறவர்களை என்னவென்பது?

“தனியத்தான். ஏன் குசுகுசுக்கிறீர்?”

“தோட்டத்து ஷெட்டுக்கை நிண்டு கதைக்கிறன். வசந்திக்குக் கேக்கக் கூடாது. ஜீப் திரும்பவும் ஸ்டார்ட் ஆகேல்லை.”

“அதைக் குசுகுசுக்க வேணுமோ? பற்றரியைப் பாரும்.”

“பற்றரி புதுசு. ஸ்டார்ட்டர் மோட்டார் புதுசு. இது பழுதில்லை அண்ணை. ஆள் வேலை. ஆள் ஆரெண்டும் எனக்குத் தெரியும்.”

யோகராசா தென் லண்டனில், சட்டனில் இருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்காளர். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் வரவு செலவை நம்பாமல் இருந்தே வீடு வாங்கியவர். ஓய்வு பெற்றதும் கோல்ஃப் ஆடுவார், அல்லது கோயில் நிர்வாக சபைக்குப் போய் நிம்மதியைத் தொலைப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் ஒரு ஜீப் வாங்கினார்.

ஜீப் என்று நம்மவர் வழக்கப்படிதான் சொல்கிறேன். உயரமாக, சதுரமாக, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற எந்த வண்டியும் நமக்கு ஜீப்தானே? இது ஒரு பழைய பிரித்தானிய வண்டி. இரும்புச் சட்டம், அலுமினிய உடம்பு, டீசல் எஞ்சின். வயது நாற்பதைத் தாண்டியதால் வீதி வரி இல்லை. புகைக் கட்டணமும் இல்லை. லண்டனில் முதுமைக்கு மரியாதை கிடைப்பது இரண்டே இடங்களில் — பஸ்ஸில் எனக்கு, வீதியில் இந்த வண்டிக்கு.

இதை வைத்துக்கொண்டு அவர் ஒரு கழகத்தில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ரே பக்கத்துப் பண்ணைக் காணிகளுக்குப் போவார்கள். நல்ல தார் வீதி பக்கத்திலேயே இருக்கும். அதை விட்டுவிட்டு வேண்டுமென்றே சேற்றில் இறக்கிப் புதைப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் கயிறு கட்டி வெளியே இழுப்பார்கள். கைகுலுக்குவார்கள். வீட்டுக்கு வருவார்கள்.

புதைந்தது, முறிந்தது எல்லாவற்றையும் தானே திருத்த வேண்டும் என்பது அந்தக் கழகத்தின் எழுதாத விதி. யோகராசாவும் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, எண்ணெய் மாற்றவும் பிரேக் பிரிக்கவும் பழகிக்கொண்டார். மோசமில்லை. ஆனால் ஒரு பழுது மட்டும் அவருக்கு வசப்படவே இல்லை. சில நாள் வண்டி சாவியைத் தொட்டதும் எழும்பும். சில நாள் ஒரு ‘டிக்’. அவ்வளவுதான்.

“சரி, ஆள் ஆர்?”

ஷெட்டுக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம். பிறகு...

“பத்மன்.”

பத்மன் வேறு யாருமில்லை. வசந்தியின் ஒரே தம்பி. யோகராசாவின் மைத்துனன். ஸ்ட்ரெதமில் ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கிறவன்.

வழக்கு இதுதான். வண்டி நின்றுபோகும். பத்மனைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து பொனட்டுக்குள் தலையை விட்டு ஏதோ தேய்ப்பான், ஏதோ முடுக்குவான். வண்டி உயிர் பெறும். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். மறுபடியும் நின்றுவிடும். மறுபடியும் பத்மன். மறுபடியும் உயிர். மறுபடியும் சாவு.

“யோசிச்சுப் பாருங்கோ அண்ணை. முதல் தடவையை விட்டால், அவன் கை வைக்காமல் ஒருக்காலும் நிண்டதில்லை. ஒவ்வொருக்காலும் அவன் கை வைச்சுப் போன பிறகுதான் நிக்குது. போன முறை என்ன சொன்னவன் தெரியுமோ? ‘அத்தான், இது உங்களுக்குச் சரிவராது. எனக்குத் தந்துவிடுங்கோ, நான் எடுக்கிறன்’ எண்டான். விளங்குதோ? பழுதாக்கிப் பழுதாக்கி, எனக்கு வெறுத்துப் போக...”

விளங்கியது. எனக்கு நன்றாகவே விளங்கியது. அதுதான் ஆபத்து.

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு என் முந்தைய வேலை தெரியும். விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் வண்டி, விமானத்தைப் பின்னால் தள்ளும் டிராக்டர், படிக்கட்டு லொறி... இவற்றின் பராமரிப்பு விதிப்படி நடக்கிறதா என்று பரிசோதிக்கும் வேலை. ‘பரிசோதிப்பது’ என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில், சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஓய்வு பெற்றபோது அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். சந்தேகத்தைக் கேட்கவில்லை.

“இதை வசந்திக்கு ஏன் மறைக்கிறீர்? கலியாண வேலை தலைக்கு மேல கிடக்குதெல்லோ?”

வருகிற மாதம் யோகராசாவின் மகள் சிந்துவுக்குக் கலியாணம். நம்மவர் கலியாணத்துக்கு அழைப்பிதழைத் தபாலில் போட்டால் போதாது என்பது தெரிந்ததுதானே. புருஷனும் பெண்சாதியுமாக வீடு வீடாகப் போய்க் ‘கலியாணம் சொல்ல’ வேண்டும். தட்டில் குங்குமமும் கற்கண்டும் நீட்டி, வாயால் அழைக்க வேண்டும். சொல்லாத வீட்டார் வரமாட்டார்கள். வராதது மட்டுமல்ல, பேரப்பிள்ளைகள் காலம் வரை அதை மறக்கவும் மாட்டார்கள்.

“எல்லா இடமும் சொல்லி முடிஞ்சுது. பத்மன் வீட்டுக்கு மட்டும் போகேல்லை. போகவும் மாட்டன். துரோகியைக் கூப்பிட்டுச் சபையில இருத்த ஏலாது.”

“தாய்மாமனைக் கூப்பிடாமலோ? வசந்தி என்ன சொல்லுறா?”

“ஒரே ஒரு சொல்லுத்தான் சொன்னவ. ‘என்ர தம்பி வராத கலியாணத்தில தாரை வார்க்க நான் வரமாட்டன்’ எண்டு. அதுக்குப் பிறகு கதை இல்லை.”

பெண்ணைத் தாரை வார்க்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டியவள் தாய். தாய் மணவறைக்கு வராத கலியாணத்தை எந்த ஐயர் நடத்துவார்? மண்டபம் பிடித்தாகிவிட்டது, ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஒரு ‘டிக்’ சத்தத்தில் போய் எல்லாம் நிற்கிறது.

“நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை. பார்த்துப்போட்டு, இது அவன் செய்த வேலைதான் எண்டு வசந்திக்கு முன்னால வாயால ஒரு சொல்லுச் சொன்னால் காணும். நீங்கள் சொன்னா அவ நம்புவா.”

மீற்றர், ஜம்ப் லீட், கம்பித் தூரிகை எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு ஹவுன்ஸ்லோவில் இருந்து கிளம்பினேன்.

போகிற வழியெல்லாம் யோசித்தேன். கேபிளை நரி கடித்திருக்குமோ? லண்டன் நரிகள் எதையும் கடிக்கும். பக்கத்து வீட்டுக்காரரோ? அவருடைய ஜன்னலை இந்த ஜீப் மறைக்கிறது, அவருக்குக் காரணம் உண்டு. யோகராசாவேயோ? தானே திருத்துகிறவர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் அனுபவம். ஆனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் பத்மனிடமே வந்து நின்றேன். சட்டனுக்குள் நுழையும்போது, வண்டியைக் கண்ணால் பார்க்காமலே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன்.

யோகராசா வாசலில் காத்திருந்தார். நீல நிற மெக்கானிக் உடுப்பு. முகத்தில் துப்பறிவாளர் களை.

“முதல்ல இதைப் பாருங்கோ” என்று போனை நீட்டினார்.

வாசல் மணியில் பொருத்திய கமரா. அது ஜீப்பின் பின்பக்கத்தையும் நடைபாதையையும் காட்டும். முன்பக்கம் தெரியாது. பத்து நாளைய பதிவைச் சேமித்து வைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

“இது நரி. இது தபால்காரன். இது வசந்தி... தள்ளிவிடுவம். இது பக்கத்து வீட்டான், பாருங்கோ, பாக்கிற பார்வையை! இது திரும்ப வசந்தி, தள்ளிவிடுவம். இது பத்மன். நேரத்தைக் கவனியுங்கோ.”

“வசந்தி என்ன செய்யிறா?”

“ஆருக்குத் தெரியும்? பூ ஆயப் போவா, குப்பைப் பின் வைக்கப் போவா. அவ எங்கட ஆள்தானே அண்ணை!”

பொனட்டைத் திறக்கச் சொன்னேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தேன். கை பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டையும் வைத்தேன். யோகராசா பொறுமையிழந்தார். இருக்கட்டும். பொறுமையிழந்தவர்களின் விரல்களை எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டு குறையும்.

“முன் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பும்.”

‘டிக்.’ முன் விளக்குகள் மங்கின. சாவியை விட்டதும் மறுபடி பளிச்சென்றன.

பற்றரியை மீற்றர் வைத்துப் பார்த்தேன். நிறைவாக இருந்தது. பற்றரி நல்லது, மோட்டார் நல்லது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை என்றால் என்ன அர்த்தம்? இடையில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. வண்டிகளில் மின்சாரம் பற்றரியில் இருந்து வயர் வழியே போகும். திரும்பி வருவது வண்டியின் உடம்பு வழியே. அந்தத் திரும்பும் வழியைத்தான் ஏர்த் என்கிறோம். போகிற வழியை எல்லோரும் பார்ப்பார்கள். திரும்புகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. அலுமினிய உடம்பு வண்டிகளில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க மிக எளிய முறை ஒன்று இருக்கிறது. ஜம்ப் லீட் என்கிற தடித்த வயர்களில் கறுப்பு ஒன்றை எடுத்தேன். ஒரு முனையைப் பற்றரியின் மைனஸில் கவ்வினேன். மறுமுனையை நேரே எஞ்சினின் வெற்று இரும்பில் கவ்வினேன்.

“இப்ப திருப்பும்.”

ஜீப் கர்ஜித்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திரை அசைந்தது.

யோகராசாவின் முகத்தில் ஒரு கணம் குழந்தையின் சந்தோஷம். மறுகணம் கணக்காளர் திரும்பி வந்துவிட்டார்.

“அப்ப ஏர்த் வயரை வெட்டிப்போட்டான்!”

“வெட்டினானோ, உக்கினதோ... பாப்பம். நிப்பாட்டும்.”

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஏர்த் கேபிளின் வழியே போனேன். பற்றரியில் இருந்து இறங்கி, ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் நுழைந்து, எஞ்சின் அறையின் பின்சுவரில் ஒரு போல்ட்டில் முடிகிறது. அந்த போல்ட்டைப் பார்த்தேன்.

இத்தனை வருடப் பரிசோதனையில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், சுற்றியிருந்த அலுமினியம் மாவாக உதிர்ந்து... கடலுக்கு அடியில் கிடந்து எடுத்த சாமான் போல இருந்தது. போதாததற்கு ஈரம். மழை படாத இடத்தில் ஈரம்.

பற்றரி அமிலமோ? யோகராசாவிடம் சமையல் சோடா கொஞ்சம் வாங்கித் தூவினேன். அமிலம் என்றால் நுரைக்கும். நுரைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது. மேலே இருந்து.

டார்ச்சை உயர்த்தினேன். ஹீட்டர் குழாயின் மறைவில், கம்பியால் இறுகக் கட்டப்பட்டு, ஒரு சிவப்புத் துணிப் பொட்டலம். நனைந்து கனத்துத் தொங்கியது.

வெட்டி எடுத்து அவிழ்த்தேன். கல்லுப்பு. ஒரு கை நிறைய. நடுவில் ஊறிப்போன செத்தல் மிளகாய்கள்.

யோகராசா இரண்டு அடி பின்னால் போனார்.

“சூனியம்!”

“யோகராசா...”

“சூனியம் அண்ணை! நான் வயரைத்தான் சந்தேகப்பட்டனான். இவன் செய்வினை செய்திருக்கிறான்! என்ர பிள்ளைக்குக் கலியாணம் வைச்சிருக்கிற நேரத்தில...”

பட்டம் பெற்ற கணக்காளர். ஐந்து நிமிடத்துக்கு முன் கமராவின் நேரத்தைக் கவனிக்கச் சொன்னவர். நான் ஏதும் சொல்வதற்குள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

“டேய் பத்மன்! வண்டிக்குள்ளை என்னடா கட்டி வைச்சிருக்கிறாய்?”

மறுமுனையில் கராஜின் இரைச்சல். யாரோ இரும்பில் தட்டினார்கள். பிறகு கதவு சாத்தும் சத்தம், இரைச்சல் குறைந்தது.

“என்ன அத்தான்?”

“நடியாதை. சிவப்புச் சீலைப் பொட்டலம். உப்பு. மிளகாய். கையில வைச்சிருக்கிறம். அண்ணையும் பக்கத்தில நிக்கிறார். சொல்லு, ஆர் கட்டினது?”

பத்மன் பேசவில்லை.

“பாத்தியளோ அண்ணை? வாய் அடைச்சுப் போச்சு!”

எனக்கும் அப்படித்தான் பட்டது. பரிசோதகர்களுக்கு மௌனம் மிகவும் பிடிக்கும். நமக்கு வேண்டியதை அதில் நிரப்பிக்கொள்ளலாமே.

“கலியாணப் பக்கம் உன்ர நிழலும் வரக்கூடாது! உன்ர அக்காவுக்கு நானே சொல்லுறன் நீ ஆரெண்டு...”

“எனக்கு அவன் ஆரெண்டு தெரியும்.”

வீட்டின் பக்கவாட்டு நடைவழியில் இருந்து வசந்தி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் கவுன்சிலின் பச்சைக் குப்பைப் பின். அதை இழுத்துக்கொண்டே வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்தினார்.

“அந்தச் சீலையைக் கொஞ்சம் வடிவாப் பாருங்கோ.”

யோகராசா பார்த்தார்.

“தெரியேல்லையோ? நீலக்கரை போட்ட சிவப்புச் சீலை. நீங்கள்தான் தீபாவளிக்கு எடுத்துத் தந்தனீங்கள். கிழிஞ்சு போச்செண்டு துண்டாக்கி வைச்சிருந்தனான். என்ர தம்பியைச் சந்தேகிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு என்ர சீலையைத் தெரியேல்லை.”

யோகராசா குனிந்து நீலக்கரையைத் தேடினார்.

“ஓம். நான்தான் கட்டினனான். கண்ணூறு பட்டு வண்டி எங்கையாவது பிரளக் கூடாதெண்டு கட்டினனான். இந்த மனுசன் சேத்துக்குள்ளையும் சகதிக்குள்ளையும் கொண்டுபோய் விழுத்துது. நான் வேற என்ன செய்யிறது? அது திரும்பத் திரும்ப நிண்டுது. சரி, கண்ணூறு கூடிப்போச்செண்டு நினைச்சு...”

“நினைச்சு?”

“ஒவ்வொருக்காலும் உப்பைக் கூட்டினனான்.”

நான் மீற்றரைக் கீழே வைத்தேன்.

எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு பாருங்கள். உப்பு காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்து முடித்ததும் சொட்டும். சொட்டு நேரே ஏர்த் போல்ட்டில். போல்ட் உக்கி வண்டி நிற்கும். பத்மன் வந்து தேய்த்துச் சுத்தம் செய்வான். அவன் போனதும், “அப்பாடா, திருத்தியாச்சு, இனிக் காப்பாத்த வேணும்” என்று அக்கா புது உப்பை, முந்தியதைவிடக் கூடுதலாக, கட்டுவார். அதனால்தான் பத்மன் கை வைத்த பிறகே வண்டி நின்றது! யோகராசாவின் கணக்கு சரி. விடை மட்டும் வேறு ஆள்.

“அக்கா... நான் போனை வைக்கட்டோ?”

நாங்கள் மூவரும் அவனை மறந்தே போயிருந்தோம்.

“நில்லடா. உனக்குத் தெரியுமோ இது?” என்றார் வசந்தி.

“முதல் நாளே கண்டனான். சீலையைப் பார்த்தவுடன உங்கடை எண்டு தெரிஞ்சுது.”

“கண்டுபோட்டு ஏன் சொல்லேல்லை?” — இது நான்.

“என்னெண்டு அண்ணை சொல்லுறது? அத்தானுக்குத் தெரிஞ்சா ஆயுளுக்கும் அக்காவை நக்கலடிப்பார். கழட்டி எறியவும் பயமாக் கிடந்துது. எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை. ஆனா பிள்ளைக்குக் கலியாணம் பேசியிருக்கேக்கை நான் கழட்டிப்போட்டு, பிறகு ஏதும் நடந்தா? கலியாணம் முடியட்டும் எண்டு இருந்தனான். அதுவரைக்கும் சொட்டாமல் இருக்கட்டுமெண்டு ஒரு பொலித்தீன் பையுக்கை போட்டுக் கட்டிவிட்டனான். அடுத்தமுறை வந்து பார்த்தா பையைக் காணேல்லை.”

“பையுக்கை கிடந்தா அது எப்பிடியடா வேலை செய்யும்? ஆர் பை போட்டதெண்டு நானும் யோசிச்சனான்!” என்றார் வசந்தி. “இவர்தான் கண்டு, நக்கலுக்குச் செய்திருக்கிறார் எண்டு நினைச்சன்.”

“பிறகு ஏன் வண்டியைக் கேட்டனி?” யோகராசாவின் குரல் இப்போது ஷெட்டுக்குள் இருந்த அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

“உங்களிட்டை இருந்து எடுத்தால்தான் அத்தான் அது அக்காவின்ர உப்பிலையிருந்து தப்பும். பாவம், நல்ல எஞ்சின்.”

பழுது தேடுவதற்கு ஒரு விதி உண்டு. எல்லாக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கும் — கிட்ட இருப்பதில், எளியதில் தொடங்கு. வண்டியில் நாம் அப்படித்தான் செய்கிறோம். மனிதரில் செய்வோமா? பெண்சாதியின் தம்பியில் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரன், நரி, செய்வினை எல்லாம் சுற்றி, ஒருபோதும் வீட்டுக்குள் வரமாட்டோம். வீட்டுப் படம் வந்தால் தள்ளிவிடுவோம்.

நான் மட்டும் விலக்கா? அவிழ்த்த பொட்டலத்தை எங்கே வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன். கால் படும் இடத்தில் போடவில்லை. ஜீப்பின் மிதிபலகையில், பழைய பத்திரிகை விரித்து, பக்குவமாக வைத்திருந்தேன். நம்பிக்கை இல்லை. ஆனாலும்...

அதன் பிறகு வேலைதான். சுடுதண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்தேன். உப்பு இருந்த இடத்தைத் துடைத்தால் போதாது, கழுவ வேண்டும். பலர் இதில்தான் தவறுவார்கள். கம்பித் தூரிகையால் உலோகம் மின்னும்வரை தேய்த்தேன். உக்கிய இடத்தை விட்டு, பக்கத்தில் கனமான நல்ல உலோகத்தில் புதுத் துளை போட்டு, பல் வைத்த வாஷரோடு போல்ட்டை முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். சாவியைத் திருப்பியதும் முதல் தொடுகையில் எழும்பியது.

பேச்சுவார்த்தைதான் நீண்டது. பொட்டலம் இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டாது என்றார் வசந்தி. இரும்பு, செம்பு, அலுமினியம் எதற்கும் கிட்ட உப்பு வரக்கூடாது என்றேன் நான். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டு, பயணி ஆசனத்துக்குக் கீழே ரப்பர் விரிப்பின் மேல் வைப்பதாக முடிவாயிற்று. மூடி போட்டால் வேலை செய்யாது என்றார். மூடி போடாவிட்டால் நான் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றேன். கடைசியில் மூடியில் துளைகள் போடுவதென்று ஒத்துக்கொண்டோம். எத்தனை துளை, எந்த அளவு என்பதை நானே தீர்மானித்து, ட்ரில்லால் போட்டும் கொடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு பாகத்துக்கு அனுமதி வழங்கியது இதுவே முதல் தடவை.

“வெளிக்கிடுங்கோ” என்றார் வசந்தி. கையில் குங்குமத் தட்டு.

“போன்ல கதைச்சாச்சே...” என்று இழுத்தார் யோகராசா.

“கலியாணம் போன்ல சொல்லுறேல்லை. வெளிக்கிடுங்கோ. நாங்கள் வரும்வரைக்கும் கராஜைப் பூட்ட வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.”

ஜீப்பிலேயே போனோம். பின்னாசனத்தில் நான், மடியில் ஜம்ப் லீட். என் வேலையிலும் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஒரு சிவப்பு விளக்கில் யோகராசா, “என்னெண்டு தொடங்கிறது?” என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்டாரா, வசந்தியையா, தெரியவில்லை. அதற்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் இல்லை.

பத்மன் கராஜ் வாசலில் நின்றான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். யோகராசா தட்டை நீட்டினார்.

“மகளுக்குக் கலியாணம். நீ குடும்பத்தோட வரவேணும்.”

பத்மன் குங்குமத்தைத் தொடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். தலைக்கு மேலே ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை எல்லோரும் நின்றோம்.

“எல்லாரையும் சொல்லிப்போட்டுக் கடைசியாத்தான் வந்திருக்கிறியள் அத்தான்.”

“ஓம்.”

“நான் அப்பிடிச் செய்வன் எண்டு நினைச்சியள்.”

“ஓம் நினைச்சன்.” யோகராசா தட்டை இறக்கவில்லை. “பிழையா நினைச்சன். அண்டைக்குக் கலியாணப் பொம்பிளையை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வாற கார் நீதான் ஓடவேணும். வேற ஒருத்தரையும் நான் நம்பமாட்டன்.”

பத்மன் அக்காவைப் பார்த்தான். பிறகு விரலில் இருந்த கிரீஸைக் காற்சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தான். ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டான்.

“ஜீப்பில எண்டா ஓடமாட்டன்.”

“என்ர பிள்ளையை அதில ஏத்த நானும் விடமாட்டன்!” என்றார் வசந்தி. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே சிரித்தார்.

பத்மனுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. “எல்லாம் சரி அக்கா. ஆருடைய கண்ணுக்கெண்டு இவ்வளவு உப்புக் கட்டினனீங்கள்? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனோ?”

நியாயமான கேள்வி. நானே கேட்டிருக்க வேண்டும். மூல காரணத்தைக் காணாமல் கோப்பை மூடக் கூடாது.

வசந்தி தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். யோகராசா திடீரென்று ரயில் பாலத்தின் செங்கற்களை ஆராய ஆரம்பித்தார்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ” என்றார் வசந்தி.

“நானோ?”

“வண்டி வந்த அண்டைக்கு நீங்கள் வந்தனீங்கள். கீழ குனிஞ்சு, சுத்திச் சுத்திப் பார்த்துப்போட்டு, ‘நல்ல வண்டி, ஒரு பிழையும் சொல்ல ஏலாது’ எண்டனீங்கள். இத்தனை வருசப் பழக்கத்தில உங்கட வாயால ஒண்டை நல்லது எண்டு சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சு. அண்டு பின்னேரமே கட்டிப்போட்டன்.”

பத்மன் சிரித்த சிரிப்பில் பாலத்துப் புறாக்கள் பறந்தன.

வசந்தி தட்டை என் பக்கம் திருப்பினார். “உங்களுக்கும் இப்பவே சொல்லுறம் அண்ணை, குடும்பத்தோட கட்டாயம் வரவேணும். ஒரு உதவி மட்டும் செய்யுங்கோ... மணவறையைப் பார்த்து வாய் திறந்து ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

ஆகவே, கலியாணத்துக்கு வரப்போகும் வாசகர்களே... மண்டபத்தில் நான் முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தால், எல்லாம் மிக நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.